செயல்வழிக் கற்றல்

செயல்வழிக் கற்றல் என்பது தமிழ்நாட்டின் அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 4ஆம் வகுப்பு வரை நடைமுறையில் இருந்த கற்பித்தல் முறை. பாடம் முழுவதையும் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் அட்டைகள் தயாரித்து, குழந்தை தன் வேகத்தில் ஒரு படியை முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போகும்படி இது அமைக்கப்பட்டது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. 2007-08 கல்வியாண்டில் மாநிலமெங்கும் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. Activity Based Learning என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ஆசிரியர்கள் இதை 'ஏ.பி.எல்.' என்பார்கள். இந்திய மாநிலமொன்று தன் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் ஒரே நேரத்தில் வகுப்பறையின் வடிவத்தையே மாற்றிய பெருமுயற்சிகளுள் இதுவும் ஒன்று.

பின்னணி

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை சிறியவை. 60 மாணவர்கள் வரை இருக்கும் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பதே 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளும்போது ஓர் ஆசிரியர் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளுக்குப் பாடம் நடத்த வேண்டிவரும். மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தரும் நேரத்தில் முதல் வகுப்புக் குழந்தைகள் சிலேட்டில் எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஒரே வகுப்புக்குள்ளும் வேறுபாடு உண்டு. அறுவடைக் காலத்திலோ செங்கல் சூளை வேலைக் காலத்திலோ பெற்றோருடன் வெளியூர் போகும் குழந்தை, திரும்பி வரும்போது வகுப்பு பல பாடங்களைத் தாண்டியிருக்கும். பாடநூலின் பக்க வரிசைப்படி எல்லோருக்கும் ஒரே பாடம் என்ற முறையில் அந்தக் குழந்தை விட்ட இடத்திலிருந்து தொடர வழியே இல்லை. செயல்வழிக் கற்றல் தீர்க்க முனைந்த முதன்மைச் சிக்கல் இதுவே.

தோற்றம்

இதன் மூல வடிவம் ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியில் உருவானது. அங்குள்ள ஊரகக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ரமா இணையர் சுற்றுப்புறச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காகப் 'பெட்டிக்குள் ஒரு பள்ளி' என்ற அட்டைத் தொகுப்பைத் தயாரித்தனர். இதே வழியில் கர்நாடகத்தில் 1995 வாக்கில் மைசூரு மாவட்டத்தின் ஹெக்கடதேவன்கோட்டை வட்டத்தில் 'நலிகலி' முறை தொடங்கியது.

தமிழ்நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் இந்திய ஆட்சிப் பணி அலுவலர் எம்.பி. விஜயகுமார். வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. சென்னை மாநகராட்சி ஆணையரானதும் மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷிவேலிக்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தார். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்ற அட்டைகளைப் பணியில் இருந்த ஆசிரியர்களே எழுதினர். மறு ஆண்டே மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் முறை விரிந்தது. பின்னர் விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானபோது மாநிலம் தழுவிய திட்டமாயிற்று.

பாட அமைப்பு

ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்துக்கும் உரிய கற்றல் திறன்கள் முதலில் பட்டியலிடப்பட்டன. ஒன்றை அறிந்தால்தான் மற்றொன்று விளங்கும் என்ற ஒழுங்கில் அவை வரிசைப்படுத்தப்பட்டு, படிநிலைகளாகத் தொகுக்கப்பட்டன. இந்த வரிசை முழுவதையும் காட்டும் விளக்கப்படமே 'கற்றல் ஏணி'. தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏணி வகுப்பறைச் சுவரில் தொங்கும்.

ஒரு படிநிலைக்குள் வரும் அட்டைகள் ஐந்து வகைப்பட்டவை: அறிமுகம், வலுவூட்டல், மதிப்பீடு, குறைதீர் பயிற்சி, வளமூட்டல். ஒவ்வொரு வகைக்கும் விலங்கு, பறவை போன்ற ஒரு சின்னம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் ஏணியில் தன் சின்னத்தைக் கண்டு, அதே சின்னம் ஒட்டிய தட்டிலிருந்து தனக்குரிய அட்டையைத் தானே எடுத்துவர முடியும்.

ட, ப, ம ஆகிய எழுத்துகளைக் கற்கும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அறிமுக அட்டையை ஆசிரியரிடம் கொண்டுபோய் எழுத்தின் ஒலியையும் வடிவையும் அறிகிறது. மணலிலும் கரும்பலகையிலும் எழுதிப் பார்க்கிறது. பல எழுத்துகளின் நடுவே அந்த எழுத்தைத் தேடி வட்டமிடுகிறது. எழுத்து அட்டைகளைச் சேர்த்துப் 'படம்', 'மடம்' என்று சொல் அமைக்கிறது. அடுத்து மதிப்பீட்டு அட்டை வரும். தடுமாறினால் குறைதீர் அட்டை; தேறினால் அடுத்த படிநிலை. விரைந்து முடித்தவருக்கு வளமூட்டல் அட்டை. ஒரு வாரம் வராத குழந்தை திரும்பி வந்ததும் விட்ட அட்டையிலிருந்தே தொடரும்.

வகுப்பறை

மேசை, நாற்காலி ஒதுக்கப்பட்டு ஆசிரியரும் மாணவரும் பாயில் அமர்ந்தனர். சுவரின் அடிப்பகுதியில், குழந்தைக்கு எட்டும் உயரத்தில், கரும்பலகைகள் அமைந்தன. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அறையின் குறுக்கே கட்டிய கம்பிப் பந்தலில் குழந்தைகள் வரைந்தவையும் எழுதியவையும் தொங்கின. வருகைப் பதிவைக் குழந்தைகளே செய்தனர். காலநிலை அட்டவணையில் அன்றைய வானத்தைக் குறித்தனர். ஆரோக்கியச் சக்கரத்தைப் பார்த்து நகம், பல், தலைமுடித் தூய்மையைச் சரிபார்த்தனர். பிரம்புக்கும் ஆசிரியரின் உயர்ந்த மேசைக்கும் இடமில்லாத இந்த அறை குழந்தையின் அச்சத்தைப் போக்கியதை, முறையைக் குறை கூறியவர்களும் ஒப்புக்கொண்டனர்.

குழுக்களும் ஆசிரியர் உதவியும்

செய்யவேண்டிய செயலைப் பொறுத்துக் குழந்தைகள் ஆறு குழுக்களில் அமர்ந்தனர்: ஆசிரியர் முழு உதவி, ஆசிரியர் பகுதி உதவி, சக மாணவர் முழு உதவி, சக மாணவர் பகுதி உதவி, தாமே கற்றல், மதிப்பீடு. புதிய கருத்தை அறிமுகம் செய்யும்போது குழந்தை ஆசிரியர் அருகில் இருக்கும். பயிற்சி முதிர முதிர விலகிச் சென்று தானே செய்யும். ஆசிரியரின் நேரம், அது மிகவும் தேவைப்படும் குழந்தைக்குப் போகவேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. பல்வகுப்புச் சூழல் இங்கே துணையாகவும் மாறியது: மூன்றாம் வகுப்பு மாணவி இரண்டாம் வகுப்புத் தம்பிக்குக் கழித்தல் சொல்லித்தரும்போது இருவருமே கற்கிறார்கள்.

முன்னேற்றப் பதிவு

முடித்த படிநிலைகள் ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் நேராக அடைவு அட்டவணையில் குறிக்கப்பட்டன. பருவத் தேர்வு, தரவரிசை என்ற பேச்சு இல்லை. அட்டையோடு அட்டையாகவே மதிப்பீடு நடந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு செயல்பாடுகள் வழியான கற்றலையும், அச்சமற்ற சூழலையும், தொடர்ச்சியான முழுமையான மதிப்பீட்டையும் வலியுறுத்துகிறது. சட்டம் வருமுன்பே தமிழ்நாட்டு வகுப்பறைகள் அந்தத் திசையில் நடக்கத் தொடங்கியிருந்தன.

பள்ளிக்கு வெளியிலிருந்தும் துணை கிடைத்தது. வட்டார வள மையங்களின் ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்குச் சென்று வகுப்பைப் பார்த்து உதவினர். குறுவள மையங்களில் ஆசிரியர்கள் கூடித் தங்கள் ஐயங்களைப் பேசினர். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு உள்ளடக்கிய கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் துணைநின்றனர்.

மாற்றங்கள்

6 முதல் 8ஆம் வகுப்பு வரை மனவரைபடம் வரைந்து தொகுத்துக் கற்கும் 'படைப்பாற்றல் கல்வி' அறிமுகமானது. 5ஆம் வகுப்புக்கு அதன் எளிய வடிவம் வந்தது. 2010-11இல் 1, 6 வகுப்புகளிலும், மறு ஆண்டு மற்ற வகுப்புகளிலும் சமச்சீர்க் கல்வி நடைமுறைக்கு வந்ததால் அட்டைகளைப் புதிய பாடநூல்களோடு பொருத்த வேண்டியிருந்தது. 2012-13இல் முப்பருவ முறை வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண் என வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பருவமும் எல்லோரும் ஒரே இடத்தில் முடிக்கவேண்டும் என்ற ஒழுங்கும், தன் வேகத்தில் ஏறலாம் என்ற ஏணியின் கொள்கையும் எளிதில் ஒத்துப்போகவில்லை.

விமர்சனங்கள்

வீட்டுப்பாடமும் பாடநூலும் இல்லாததைக் கண்டு பிள்ளை வெறுமனே விளையாடுகிறது என்று பெற்றோர் பலர் நினைத்தனர். அட்டைகள் கிழிந்தும் தொலைந்தும் போனபோது உடனே மாற்று அட்டை கிடைக்காத பள்ளிகளில் ஏணி இடையிலேயே அறுந்தது. மாணவர் மிகுந்த வகுப்புகளில், ஆசிரியர் பார்வை எட்டாத குழுக்கள் வேலையின்றி இருந்தன. வாய்விட்டுப் படித்தல், கதை பேசுதல், தொடர்ந்து நாலு வரி எழுதுதல் ஆகியவை அட்டைகளுக்கிடையே குறைந்தன என்பது மொழியாசிரியர்களின் மனக்குறை. ஆசிரியர்களே எழுதி வளர்த்த முறை, மாநிலமெங்கும் ஆணையாகப் போனபோது பல இடங்களில் சடங்காயிற்று என்பது இவற்றுள் வலுவான விமர்சனம்.

எண்ணும் எழுத்தும்

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இதனால் நேர்ந்த கற்றல் இடைவெளியை ஈடுகட்ட, தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் குடியிருப்புகளிலேயே கற்பிக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டது. 2022 ஜூனில், 8 வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்ற குறிக்கோளுடன் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. முதலில் 1 முதல் 3ஆம் வகுப்பு வரை நடைமுறைக்கு வந்த இது, 2023-24இல் 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்தது.

இதில் ஏணிக்குப் பதிலாக மூன்று நிலைகள் உள்ளன: அரும்பு, மொட்டு, மலர். தொடக்க நிலை மதிப்பீட்டில் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று கண்டு, அந்நிலைக்குரிய பயிற்சி நூல் தரப்படுகிறது. பாடல், கதை, படைப்பு, படித்தல் எனக் களங்கள் வகுப்பறையில் அமைகின்றன. கதைக்கும் பேச்சுக்கும் கிடைத்த இந்த இடம் முந்தைய முறையின் குறையை ஓரளவு தீர்க்கிறது. மதிப்பீடுகளைக் கைப்பேசிச் செயலியில் பதிவேற்றுவது கற்பிக்கும் நேரத்தைத் தின்கிறது என்பது ஆசிரியர்களின் இன்றைய முறையீடு.

இன்றைய இடம்

குழந்தை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட எதைக் கற்றிருக்கிறது என்பதைப் பார்த்து அடுத்த பாடத்தைத் தீர்மானிக்கவேண்டும் என்ற கொள்கையைத் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் வேரூன்றச் செய்தது செயல்வழிக் கற்றல். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் நிலைவாரிக் குழுக்களும், 6 முதல் 9ஆம் வகுப்பு வரை பின்தங்கிய மாணவர்களுக்காக 2025-26இல் தொடங்கிய 'திறன்' திட்டமும் அதே கொள்கையையே பின்பற்றுகின்றன. அட்டையோ பயிற்சி நூலோ செயலியோ எது வந்தாலும், ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று அறிந்த ஆசிரியரும், அவருக்குப் போதிய நேரமும், அளவான வகுப்பும் இருந்த பள்ளிகளில்தான் இம்முறை பலன் தந்தது. அவை இல்லாமல் எந்தப் பாட அமைப்பும் தொடக்கப் பள்ளியில் நிலைக்காது.