டீசல் என்ஜினின் கிராங்க்கேஸ் காற்றோட்ட மாற்றங்கள்

டீசல் என்ஜினின் கிராங்க்கேஸுக்குள் சேரும் வாயு வெளியேறும் வழியை, தயாரிப்பாளர் அமைத்த நிலையிலிருந்து மாற்றுவதே கிராங்க்கேஸ் காற்றோட்ட மாற்றம். குழாயின் போக்கைத் திருப்புவது, இடையில் ஆயில் பிரிப்பானைச் சேர்ப்பது, திறந்த அமைப்பை மூடிய அமைப்பாக்குவது ஆகியவை இதில் அடங்கும். பிக்கப் வண்டிகள், நெடுந்தூரப் பயணத்துக்கான ஜீப்புகள், பழைய பேருந்துகள் ஆகியவற்றில் இம்மாற்றங்கள் மிகுதி.

பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு புதியவையாக இருந்தாலும் சிலிண்டரை முற்றிலும் அடைப்பதில்லை. நவீன டீசல்களில் எரிதலின் உச்சத்தில் அழுத்தம் 150 முதல் 200 பார் வரை எழும். அப்போது ரிங்குகளைத் தாண்டிச் சிறிதளவு வாயு கீழே கசிகிறது. ப்ளோ-பை எனப்படும் இந்தக் கசிவையே பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். டர்போவின் தண்டு, பிரேக்குக்கான வேக்கம் பம்ப், லாரிகளின் ஏர் கம்ப்ரஸர் ஆகியவையும் தம் பங்குக்குக் கிராங்க்கேஸுக்குள் காற்றைத் தள்ளுகின்றன. கரியும் நீராவியும் கலந்த இந்த வாயு, கிராங்க் தண்டு சிதறடிக்கும் ஆயிலை நுண்துளிகளாகச் சுமந்துகொள்கிறது. அது வெளியேற வழியில்லாவிட்டால் சீல்களும் கேஸ்கெட்டுகளும் கசியும். நிலைமை முற்றினால் கிராங்க் தண்டின் பின்புற சீல் இருந்த இடத்தை விட்டே பிதுங்கிவிடும்.

பெட்ரோல் என்ஜினில் இந்த வாயுவை இழுக்க த்ராட்டிலுக்குப் பின்னால் வலுவான வெற்றிடம் உண்டு. அதைப் பயன்படுத்தும் பிசிவி வால்வு 1961இல் கலிபோர்னியாவில் விற்ற கார்களிலும், 1963இல் அமெரிக்கா முழுவதிலும் வந்தது. டீசலின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எரிபொருளின் அளவே, காற்றின் அளவு அல்ல. ஆகவே ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள மெல்லிய இழுவை ஒன்றுதான் கிடைக்கும். அந்த இழுவையும் என்ஜின் வேகத்துக்கும் ஃபில்டரில் படிந்த அழுக்குக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். அதனால் டீசல்களில் டயஃப்ரமும் ஸ்பிரிங்கும் கொண்ட அழுத்தச் சீராக்கி வைக்கப்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸின் 6.2, 6.5 லிட்டர் டீசல்களில் உள்ள சிடிஆர் வால்வும், ஃபோக்ஸ்வாகன் டிடிஐ என்ஜின்களின் வால்வு கவர் மேல் வட்ட வில்லையாகத் தெரியும் பாகமும் இத்தகையவை. கிராங்க்கேஸ் அழுத்தத்தை வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சில மில்லிபார் மட்டும் குறைவாக வைத்திருப்பது இவற்றின் வேலை. பெட்ரோல் காரின் பிசிவி வால்வை இவற்றுக்கு மாற்றாகப் பொருத்தக் கூடாது. அது வலுவான வெற்றிடத்தை அளந்து விடுவதற்கென்றே செய்யப்பட்டது, டீசலில் வெறும் தடையாகவே நிற்கும்.

பழைய டீசல்களில் வாயு ஒரு குழாய் வழியே நேரே சாலையில் விடப்பட்டது. இது திறந்த அமைப்பு. அதே வாயுவை ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் சேர்த்து என்ஜினுக்கே எரிக்கக் கொடுப்பது மூடிய அமைப்பு. அமெரிக்காவில் 2007 மாடல் ஆண்டு முதல், கனரக டர்போ டீசல்கள் இந்த வாயுவை வெளியே விட்டால் அதை அளந்து புகைக்குழாய் மாசுடன் கூட்டிக் காட்ட வேண்டும். அதே ஆண்டில் வந்த கம்மின்ஸ் 6.7 லிட்டர் பிக்கப் என்ஜினின் வால்வு கவர் மேல் ஒரு ஃபில்டர் ஏறியது. அதை 67,500 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

மூடிய அமைப்பு காற்றுக்கு நல்லது. என்ஜினின் உள்வழிக்கு நல்லதல்ல. ஆயில் துளிகள் டர்போவின் கம்ப்ரஸர் சக்கரத்திலும் இன்டர்கூலரின் உட்புறத்திலும் படிகின்றன. கம்ப்ரஸரிலிருந்து வெளிவரும் காற்றின் வெப்பம் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் படிவு கருகி இறுகும். புகையின் ஒரு பகுதியை மீண்டும் இன்டேக்குக்குள் விடும் ஈஜிஆர் அமைப்பு உள்ள என்ஜின்களில் பாதிப்பு இன்னும் அதிகம்: புகையின் கரி, ஆயில் ஈரத்தில் ஒட்டி, இன்டேக் மேனிஃபோல்டின் துளையைத் தார் போன்ற பூச்சால் சுருக்கிவிடுகிறது. இம்மாற்றங்களைத் தேடிப் பெரும்பாலோர் வருவது இதனால்தான்.

எளிய மாற்றம், மூடிய அமைப்பைத் திறந்துவிடுவது. ஃபோர்டின் 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கில், வால்வு கவரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றி, நீண்ட ஹோஸ் ஒன்றைச் சேஸிஸ் ஓரமாகக் கீழே விடுவது வழக்கமாயிற்று. உள்வழி சுத்தமாகும், உண்மைதான். ஆனால் ஆயில் சாலையில் சொட்டும், வண்டி நிற்கும்போது வாடை கேபினுக்குள் ஏறும். மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைச் சிதைப்பது அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தை மீறுவதும்கூட. தொழிற்சாலையிலிருந்தே திறந்த அமைப்புடன் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டரில் சிக்கல் வேறு வகையானது. என்ஜினின் முன்பக்கத்துக் குப்பியிலிருந்து வெளிவரும் ஆயில் ஆவி ரேடியேட்டரில் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும். எனவே உரிமையாளர்கள் அந்தக் குப்பியைப் பின்னால் நகர்த்துகிறார்கள். திறந்த குழாயின் தீங்கு பள்ளிப் பேருந்துகளில் தெளிவாகத் தெரிந்தது. முன்புறம் என்ஜின் உள்ள அமெரிக்கப் பேருந்துகளில், பானெட்டுக்கு அடியில் விடப்பட்ட இந்த வாயு முன் கதவு வழியே குழந்தைகள் அமரும் இடத்துக்குள் புகுந்தது. புகைக்குழாயில் மட்டும் வடிகட்டி பொருத்தியது அங்கே போதவில்லை. கிராங்க்கேஸையும் மூட வேண்டியிருந்தது.

மூடிய அமைப்பை வைத்துக்கொண்டே ஆயிலைப் பிரித்தெடுப்பதுதான் சரியான வழி. கேட்ச் கேன் என்ற பெயரில் விற்கும், உள்ளே தகடுகள் மட்டும் உள்ள எளிய டப்பாக்கள் பெரிய துளிகளைத்தான் பிடிக்கும். ஒரு மைக்ரானுக்கும் சிறிய துளிகள் தகடுகளைச் சுற்றி வளைந்து தப்பிவிடும். அவற்றைப் பிடிக்க, நுண்ணிழைகளில் துளிகளைத் திரட்டிப் பெரிதாக்கி வடிக்கும் ஃபில்டர் வேண்டும். ஆஸ்திரேலிய ஜீப்புகளில் பரவலாகப் பொருத்தப்படும் மான்+ஹம்மலின் புரோவென்ட் 200 இவ்வகை. அதன் ஃபில்டர் அடைத்துப்போனால் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வும் அதிலேயே உண்டு. வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த வால்வைத்தான். கனரக லாரிகளில் சுழலும் தட்டுகளால் ஆயிலை வீசிப் பிரிக்கும் ஆல்ஃப்டெக்ஸ் போன்ற கருவிகள் உள்ளன. அவற்றில் மாற்றவேண்டிய ஃபில்டர் இல்லை.

பொருத்தும் விதத்தில் பிழை நேர்ந்தால் நன்மையைவிடச் சேதமே மிகும். டர்போவுக்குப் போன ஆயில் தன் எடையாலேயே என்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்குத் திரும்புகிறது. கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறினால் அந்த வடிகால் தேங்கி, டர்போ சீல் வழியே ஆயில் இன்டேக்குக்குள் நுழையும். அதாவது எதைத் தடுக்க மாற்றம் செய்யப்பட்டதோ அதுவே நடக்கும். ஆகவே ஹோஸின் உள்விட்டம் மூலக் குழாயைவிடக் குறையக் கூடாது. அது நசுங்கவோ, ஆயில் தேங்கும்படி நடுவில் தொய்யவோ கூடாது. பிரித்த ஆயிலைச் சம்புக்குத் திருப்பினால் ஆயில் மட்டத்துக்குக் கீழே, ஒருவழி வால்வுடன் சேர்க்க வேண்டும். கனடா, அலாஸ்கா போன்ற குளிர்ப் பகுதிகளில் ஹோஸுக்குள் நீராவி உறைந்து வழியை அடைத்துவிடும். அங்கே ஹோஸுக்கு வெப்பக் காப்பும் சூடேற்றியும் தேவை. நிரம்பிய டப்பாவைக் காலி செய்யாமல் விடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. அதிலுள்ள ஆயில் இன்டேக்குக்குள் உறிஞ்சப்பட்டால் டீசல் அதையே எரிபொருளாகக் கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று வழியை அடைத்தால்தான் நிற்கும்.

செய்த மாற்றம் சரியா என்பதைப் பிடித்த ஆயிலின் அளவு சொல்லாது, கிராங்க்கேஸ் அழுத்தம்தான் சொல்லும். டிப்ஸ்டிக் குழாயில் நீர் மானோமீட்டரை இணைத்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும், வெறும் ஓட்டத்திலும் முழுச் சுமையிலும் அளக்க வேண்டும். டப்பா விரைவாக நிரம்பினால் அது டப்பாவின் திறமை அல்ல, ரிங் தேய்மானத்தின் அடையாளமாக இருக்கலாம். தேய்ந்த என்ஜினுக்கு எந்தப் பிரிப்பானும் மருந்தாகாது.

கப்பல்களின் பெரிய டீசல்களில் இதே விஷயம் உயிர்ப் பாதுகாப்பைச் சார்ந்தது. சூடேறிய பேரிங்கில் ஆவியாகும் ஆயில், லிட்டர் காற்றுக்கு சுமார் 50 மில்லிகிராம் என்ற செறிவை எட்டினால் வெடிக்கக்கூடும். 1947 செப்டம்பர் 11 அன்று ரெய்னா டெல் பசிஃபிகோ கப்பலின் சோதனை ஓட்டத்தில் நான்கு முதன்மை என்ஜின்களின் கிராங்க்கேஸ்களும் வெடித்து 28 பேர் இறந்தனர். இன்று சிலிண்டர் விட்டம் 200 மி.மீ. அல்லது கிராங்க்கேஸ் கொள்ளளவு 0.6 கன மீட்டர் உள்ள என்ஜின்கள் முதல், அழுத்த விடுவிப்பு வால்வு கட்டாயம். முதல் வெடிப்புக்குப் பின் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து இரண்டாம் வெடிப்பு நேராதபடி, காற்றோட்டக் குழாய்கள் இயன்றவரை சிறியவையாக வைக்கப்படுகின்றன. இரு என்ஜின்களின் காற்றோட்டக் குழாய்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கும் தடை உண்டு.