மனிதவளச் சான்றிதழ்: கட்சாலிலிருந்து பார்க்கும் செலவும் பயனும்

மனிதவளச் சான்றிதழ் என்பது ஆள்தேர்வு, ஊதியக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, ஒழுங்கு நடவடிக்கை, தொழிற்சட்டம் முதலியவற்றில் ஒருவர் பயிற்சி பெற்றிருப்பதைக் காட்டும் ஆவணம். இந்தியாவில் இந்த ஒரே பெயரில் மூன்று வகைப் படிப்புகள் புழங்குகின்றன. பல்கலைக்கழகங்களும் அரசுக் கல்வி நிறுவனங்களும் தரும் பட்டயம் ஒன்று. அமெரிக்காவின் எஸ்.எச்.ஆர்.எம்., எச்.ஆர்.சி.ஐ. போன்ற அமைப்புகள் தேர்வு வைத்துத் தரும் தொழில்முறைச் சான்று இன்னொன்று. சில வாரங்களில் இணையத்தில் முடித்துவிடக்கூடிய குறும்படிப்பு மூன்றாவது. இவற்றின் கட்டணமும் வேலைக்கான மதிப்பும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடும். நிக்கோபார் மாவட்டத்தின் கட்சால் தீவில் இருந்து கணக்குப் போடுகிறவருக்குக் கட்டணத்தோடு கப்பல் பயணமும் காத்திருப்பும் சேர்ந்துகொள்வதால், எந்தப் படிப்பு என்ற தேர்வில் பிழை நேர்ந்தால் இழப்பு கூடுதல்.

தீவும் அதன் தொழிலாளரும்

கமோர்ட்டா, நான்கௌரி தீவுகளுக்கு மேற்கே ஏறத்தாழ 174 சதுர கிலோமீட்டர் பரப்பில் கட்சால் அமைந்துள்ளது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 5,312 பேர் இருந்தனர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தீவைச் சூறையாடியது. 2011இல் எண்ணிக்கை 2,685. கபங்கா, மில்டேரா, ஜப்பான் டிக்ரி, மீனாட்சி ராம் நகர் ஆகியவை இங்குள்ள குடியிருப்புகளில் சில. தீவின் மூத்த குடிகள் நிக்கோபாரிகள். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி வெளியாட்கள் அனுமதிச் சீட்டின்றி இங்கே வர முடியாது.

தமிழர்கள் இங்கே வந்த வழி தொழிலாளர் வரலாற்றோடு பிணைந்தது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அப்படித் தாயகம் திரும்பியோருக்கு வேலை தரவே நீலகிரியில் டான்டீ தேயிலைத் தோட்டங்களும், கேரளத்தின் புனலூரில் மறுவாழ்வு ரப்பர்த் தோட்டங்களும் உருவாயின. கட்சாலின் ரப்பர்த் தோட்டத்திலும் ஒரு பகுதியினர் குடியமர்த்தப்பட்டனர். பின்னர் அத்தோட்டம் 1977இல் தொடங்கப்பட்ட அந்தமான் நிக்கோபார் வன, தோட்ட வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் இருந்தது. அக்கழகத்தை மூட 2017இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இம்மக்களின் முன்னோரை இலங்கைக்கு அழைத்துச் சென்றவர் கங்காணி. ஆள் பிடிப்பதும், முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டிப்போடுவதும், வேலை வாங்குவதும், சம்பளத்தில் பிடித்துக்கொள்வதும் அவர் கையில் இருந்தன. ஆலைகளில் இதே அதிகாரத்தை மேஸ்திரிகள் வைத்திருந்தனர். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931இல் அறிக்கை அளித்த விட்லி ஆணையம் இந்த அதிகாரத்தை உடைக்கவே, ஆள்சேர்ப்பைத் தொழிலாளர் அலுவலர் என்ற தனிப் பணியாளரிடம் ஒப்படைக்கச் சொன்னது. இன்று எச்.ஆர். என்று அழைக்கப்படும் வேலையின் இந்திய வேர்களில் ஒன்று இது. சான்றிதழை மதிப்பிடுகிறவர்கள் இந்த வரலாற்றை மறக்கக் கூடாது. தொழிலாளியின் கூலியும் கண்ணியமும் தனியொருவரின் தயவில் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பணிக்குப் படிப்பும் தகுதியும் கேட்கப்பட்டன.

சட்டம் கேட்கும் தகுதி

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளிலும், 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 18ஆம் பிரிவு 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தோட்டங்களிலும் நல அலுவலரை நியமிக்கக் கட்டாயப்படுத்தின. அந்த அலுவலருக்குரிய கல்வித் தகுதியை மாநில அரசுகள் விதிகளில் வகுத்தன. 2020இல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு, ஆலைக்கும் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் பொதுவாக இந்த வரம்பை 250 ஆக வைத்துள்ளது. வரம்பு தாழ்ந்தால் இந்தப் பதவிகளுக்கு இடம் கூடும்.

சான்றிதழின் மதிப்பு உறுதியாக நிற்கும் இடம் இதுதான். தமிழ்நாட்டில் நல அலுவலர் பதவியை எண்ணுகிறவர்கள் நாடுவது சென்னையிலுள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையம். தொழிலாளர் மேலாண்மையில் இளங்கலை, முதுகலைப் பட்டங்களும், தொழிலாளர் நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயமும் அங்கு உண்டு. அரசு நிறுவனம் என்பதால் தனியார் மேலாண்மைக் கல்லூரிகளோடு ஒப்பிடவே முடியாத அளவு கட்டணம் குறைவு. இந்தப் படிப்பைப் பற்றித் தீவுகளில் இருக்கும் தமிழ் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

பொதுத்துறை நிறுவனங்களின் மனிதவள அலுவலர் பணிக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது இரண்டாண்டு முதுநிலைப் பட்டமோ பட்டயமோ ஆகும். சில நிறுவனங்கள் யு.ஜி.சி. நெட் தேர்வின் 55ஆம் பாடமான தொழிலாளர் நலன், மனிதவள மேலாண்மையில் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு ஆள் எடுத்திருக்கின்றன. ஆறுமாதச் சான்றிதழ் எவ்வளவு புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அங்கே விண்ணப்பத் தகுதியே தராது. வருங்கால வைப்பு நிதி அமைப்பின் அமலாக்க அலுவலர் பணிக்கு யு.பி.எஸ்.சி. கேட்பதோ ஏதேனும் ஒரு பட்டம். தொழிற்சட்டப் பட்டயம் அங்கே விரும்பத்தக்க தகுதியாகச் சேர்கிறது.

வெளிநாட்டுச் சான்றுகள்

எஸ்.எச்.ஆர்.எம். 1948இல் தொடங்கப்பட்ட அமெரிக்க அமைப்பு. அதன் சி.பி. சான்றுக்கான தேர்வுக் கட்டணம் சில நூறு டாலர். சான்று மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். அதற்குள் 60 மேம்பாட்டுப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும், இல்லையேல் மறுபடி தேர்வு எழுத வேண்டும். ஆகவே இது ஒருமுறைச் செலவு அன்று. எச்.ஆர்.சி.ஐ.யின் பி.எச்.ஆர். தேர்வு அமெரிக்கத் தொழிற்சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. இந்தியாவில் வேலை பார்க்கப்போகிறவர் அதற்குப் பணம் கட்டுவது வீண். அமெரிக்காவுக்கு வெளியே வேலை பார்ப்பவருக்கான பி.எச்.ஆர்.ஐ. வேறு தேர்வு. சென்னை, பெங்களூரு பன்னாட்டு நிறுவனங்களில் சில ஆண்டுகள் வேலை பார்த்து, மேலே போக நினைப்பவருக்கு சி.பி., பி.எச்.ஆர்.ஐ. போன்றவை உதவலாம். முன் அனுபவம் இல்லாத புதியவருக்கு முதல் வேலையை இவை வாங்கித் தரும் என்று சொல்லும் விளம்பரங்களை நம்பக் கூடாது.

கட்டணத்துக்கு அப்பாற்பட்ட செலவு

கட்சாலில் கல்லூரி இல்லை. பட்டம் பெற ஸ்ரீ விஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர்) போக வேண்டும். அங்கே 1967இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயமும், இக்னோவின் மண்டல மையமும் உள்ளன. தொலைநிலைப் பட்டயம் தீவுவாசிக்குப் பொருத்தமானதாகத் தோன்றும், பெரும்பாலும் அது சரியும்கூட. ஆனால் தேர்வை நேரில் எழுதியாக வேண்டும். கப்பல் இருக்கை கிடைப்பதும், கடல் சீற்றத்தில் பயணம் தள்ளிப்போகாமல் இருப்பதும், தேர்வு முடிந்து திரும்பும் கப்பலுக்காக நகரில் தங்கும் நாட்களும் கணக்கில் வர வேண்டும். தினக்கூலிக்காரர் அந்த நாட்களின் கூலியையும் இழக்கிறார்.

இணையவழிப் படிப்புக்கு 2020 ஆகஸ்ட் 10இல் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள் பெரிய உதவி. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அது அருகிலுள்ள கமோர்ட்டாவில் கரையேறுகிறது, கட்சாலில் கரையேறவில்லை. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் மனிதவளப் பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். அதில் என்.பி.டெல். நடத்தும் படிப்புகளுக்குச் சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய் கட்டி மையத்தில் தேர்வு எழுத வேண்டும். இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி இல்லை.

செலவு திரும்புமா என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கட்டணம், பயணம், தங்கல், இழந்த கூலி எல்லாம் சேர்ந்து 60,000 ரூபாய் என்று கொள்வோம். படிப்பினால் மாதச் சம்பளம் 2,000 ரூபாய் கூடினால் போட்ட முதல் திரும்ப 30 மாதம் ஆகும். சம்பளம் கூடாமல் சான்றிதழ் மட்டும் கிடைத்தால் அது ஒருபோதும் திரும்பாது. கடன் வாங்கிப் படித்தவருக்கு வட்டியும் சேரும்.

சான்றிதழ் தராத அறிவு

சிறு நிறுவனங்களில் எச்.ஆர். ஆளுக்கு முதல் நாளே தேவைப்படுவது கணக்கும் சட்டமும். வைப்பு நிதிக்கு ஊழியர் பங்கு 12 சதவீதம். இ.எஸ்.ஐ.க்கு ஊழியர் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 10 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். இவற்றைக் கற்றுத் தராமல் தலைமைப் பண்பு, ஊக்கமூட்டல் என்றே பாடத்திட்டத்தை நிரப்பும் படிப்புகள் பல. மேலே சொன்ன பணிப் பாதுகாப்புத் தொகுப்பு உள்ளிட்ட புதிய நான்கு தொழிற்சட்டத் தொகுப்புகள் பாடத்தில் சேர்ந்துள்ளனவா என்று கேட்ட பிறகே பணம் கட்ட வேண்டும். பழைய சட்டங்களை மட்டும் நடத்தும் படிப்பு இனி அரைகுறையே.

கட்சாலிலேயே இருந்து இந்தச் சான்றிதழால் வேலை தேட நினைப்பவருக்கு வாய்ப்பு மிகக் குறைவு. தீவின் நிரந்தர வேலைகள் பெரும்பாலும் அரசு அலுவலகம், பள்ளி, மருத்துவமனை சார்ந்தவை. வெளியே போகத் துணிந்த பட்டதாரிக்கு, அரசு நிறுவனம் தரும் தொழிலாளர் நிர்வாகப் பட்டயமோ இரண்டாண்டு முதுநிலைப் படிப்போ செலவுக்குத் தகுந்தது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் குறுகியகாலச் சான்றிதழுக்கு முதலாளியே பணம் கட்டினால் சேரலாம். மற்றவர்கள் தாங்கள் விரும்பும் பதவிக்கான மூன்று நான்கு வேலை விளம்பரங்களை எடுத்து, அவற்றில் கேட்கும் தகுதியின் பெயரும் தாங்கள் சேரப்போகும் படிப்பின் பெயரும் ஒன்றா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்ட வேண்டும்.