கேலிச்சித்திரமும் புவியியல் வகுப்பும்: ஜே. என். டார்லிங் குறித்து ஒரு நோக்கு

சித்திரக்கதையைப் பாடநூலின் பகையெனக் கருதும் வழக்கம் கல்வியாளரிடையே நெடுங்காலம் நிலவிவந்துள்ளது. உயர்வகுப்புப் புவியியலில் வனசீவராசிகளின் பாதுகாப்பைக் கற்பிக்க அது உதவுமா என்னும் வினாவுக்கு, ஐக்கிய அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ஜே. என். டார்லிங்கின் (1876–1962) வரலாறு ஓரளவு விடைதரும் என நாம் கருதுகிறோம்.

'டிங்' என ஒப்பமிட்ட இவர் 1906 முதல் அயோவா மாநில நாளிதழொன்றில் வரைந்தவர். 1924, 1943 ஆகிய ஆண்டுகளிற் புலிற்சர் பரிசு பெற்றவர். விவசாயத்துக்காகச் சதுப்புநிலங்கள் வடிக்கப்பட்டமையும் 1930களின் வரட்சியும் அந்நாட்டின் நீர்ப்பறவைகளை வெகுவாகக் குறைத்திருந்தன. வேட்டைக்காரர்மீது மட்டும் பழிசுமத்துவது எளிது. டார்லிங்கோ பறவையின் அழிவை மண், நீர், காடு ஆகியவற்றின் அழிவிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. ஆசிரியர் பல பாடவேளைகளிற் கூறுபோட்டுச் சொல்வதைச் சித்திரக்காரர் ஒரே சட்டத்துள் அடக்கிவிடுகிறார். புவியியலுக்கு அவர் உறவினராவது இவ்விடத்திலேயாம்.

ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற்றின் கொள்கைகளை எள்ளி நகையாடிய அவரையே, ரூஸ்வெல்ற் 1934இல் உயிரியல் அளவைத் திணைக்களத்தின் தலைவராக்கியது சுவையான முரண். அவ்வாண்டின் சட்டப்படி, நீர்ப்பறவை வேட்டையாடும் 16 வயதைக் கடந்தோர் ஒரு டொலர் முத்திரை வாங்க வேண்டியதாயிற்று. சதுப்பில் இறங்கும் இரு மலார்ட் வாத்துகளைக் கொண்ட முதல் முத்திரையை டார்லிங்கே வரைந்தார். அது 635,001 பிரதிகள் விற்பனையாயிற்று. அவ்வருவாய் பறவைகளின் புகலிடங்களுக்குச் சென்றது. 1935இல் அவர் பதவி விலகினார். அதே ஆண்டில், அத்திணைக்களத்தைச் சேர்ந்த பிரெடெரிக் லிங்கன், வளையமிட்ட பறவைகளின் பதிவுகளைக் கொண்டு வட அமெரிக்காவின் நான்கு வலசைப் பாதைகளை விளக்கினார். முத்திரையையும் அப்பாதைகளின் தேசப்படத்தையும் அருகருகே வைப்பின், ஒரு முழுப் பாடம் அமையும்.

எமது வகுப்பறைக்கு அயோவா வரை செல்லத் தேவையில்லை. வடபுலத்திலிருந்து வரும் ஊசிவால் வாத்துகள் மன்னாரின் வங்காலையிலே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அவ்விடம் 2008இற் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. இதனைச் சித்திரத்தொடராக்கும் ஆசிரியர், வாத்தை மனிதமொழி பேசவைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பேசும் வாத்துக்கு இரங்கும் மாணவன், அது இரைதேடும் சேற்றுநிலத்தை எளிதில் மறந்துவிடுவான். டார்லிங்கின் முத்திரையில் வாத்துகள் பேசுவதில்லை. சதுப்பை நோக்கி இறங்குகின்றன.