அரசாணையில் பிறந்த ஜெப நாள்

2023 வரை ஈஸ்டருக்குப் பின் நான்காவது வெள்ளிக்கிழமை டென்மார்க்கில் ‘ஸ்டோரே பேடேடாக்’, அதாவது ‘பெரிய ஜெப நாள்’ என்ற விடுமுறையாக இருந்தது. விவிலியத்தில் இதற்கு ஆதாரமான நிகழ்ச்சி எதுவும் இல்லை. இதைப் பிறப்பித்தது ஓர் அரசாணை.

1536-இல் டென்மார்க் லூத்தரன் திருச்சபையை ஏற்றது. போரும் கொள்ளைநோயும் வந்தபோதெல்லாம் மன்னர்கள் உபவாச நாட்களை அறிவிப்பது அக்கால வழக்கம். சீலாந்தின் பேராயர் ஹான்ஸ் பாகர், ஆண்டுதோறும் நாடு முழுவதும் ஒரே நாளில் மனந்திரும்புதலுக்காக ஜெபிக்க வேண்டும் என விரும்பினார். மன்னர் ஐந்தாம் கிறிஸ்தியான் 1686-இல் அதைச் சட்டமாக்கினார்.

விதிகள் கடுமையானவை. முந்தைய நாள் மாலை ஆலய மணி ஒலித்ததும் கடைகளும் மதுக்கூடங்களும் மூடப்பட வேண்டும். மறுநாள் ஆராதனை முடியும்வரை உபவாசம். வேலை, வணிகம், விளையாட்டு, பயணம் அனைத்துக்கும் தடை.

ரொட்டிக் கடைக்காரர்களும் அன்று அடுப்பு மூட்டக் கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமைக்கு வேண்டிய கோதுமை ரொட்டிகளை வியாழனன்றே சுட்டு விற்றார்கள். ‘ஹ்வேடர்’ எனப்படும் இந்தச் சிறு ரொட்டிகளை மறுநாள் சூடாக்கி உண்பதே நோக்கம். ஆனால் அடுப்பிலிருந்து இறங்கிய ரொட்டியின் மணம் மக்களைக் காத்திருக்க விடவில்லை. வியாழன் மாலையிலேயே அதை வாட்டி, வெண்ணெய் தடவி உண்பது வழக்கமாயிற்று. அந்த மாலையில் கோபன்ஹேகன் மக்கள் கோட்டை மதில்மீது குடும்பத்தோடு உலாவினார்கள். நீண்ட குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் பருவம் அது. உபவாசத்துக்கென ஏற்பட்ட நாள் ரொட்டிக்கும் உலாவுக்கும் உரியதாக மாறிய கதை இதுதான்.

1770-இல் அரசின் சீர்திருத்தம் 11 திருநாட்களை நீக்கியது. ஜெப நாள் தப்பிப் பிழைத்தது. பிற்காலத்தில் பல ஊர்களில் பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடக்கும் நாளாகவும் விளங்கியது.

உக்ரைன் போர் இந்த விடுமுறையின் முடிவுக்குக் காரணமாயிற்று. அப்போதைய பிரதமர் மெட்டே பிரெடெரிக்சனின் கூட்டணி அரசு, பாதுகாப்புச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தியில் 2 சதவீதமாக உயர்த்தும் இலக்கை 2033-இலிருந்து 2030-க்கு முன்னதாகக் கொண்டுவந்தது. ஜெப நாள் விடுமுறையை நீக்கி மக்கள் ஆண்டுக்கு ஒரு நாள் கூடுதலாக உழைத்தால் வரி வருவாய் பெருகும் என்பது அதன் கணக்கு. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, பேராயர்களிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. 2023 பிப்ரவரி 5 அன்று நாடாளுமன்றத்தின் முன் பல்லாயிரம் பேர் திரண்டனர். எனினும் பிப்ரவரி 28 அன்று 95 வாக்குகள் ஆதரவாகவும் 68 எதிராகவும் விழ, மசோதா நிறைவேறியது. இதற்கு ஈடாக மாதச் சம்பளக்காரர்களுக்கு ஆண்டு ஊதியத்தில் 0.45 சதவீதம் கூட்டித்தரப்பட்டது.

2023 மே 5 கடைசி விடுமுறையாக அமைந்தது. 2024 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை, டென்மார்க் வழக்கம்போல் வேலைக்குச் சென்றது. அதற்கு முந்தைய மாலையிலும் ரொட்டிக் கடைகளில் ஹ்வேடர் விற்பனையானது. மன்னரின் ஆணையில் பிறந்த விடுமுறை நாடாளுமன்றத்தின் சட்டத்தால் மறைந்தது. எவரும் ஆணையிடாமல் வீடுகளில் வேரூன்றிய வழக்கம் நிலைத்திருக்கிறது.