லூபஸ்

லூபஸ் என்பது உடலின் நோய் எதிர்ப்பாற்றல் சொந்த உறுப்புகளையே தாக்கும் நாட்பட்ட நோய். முழுப்பெயர் சிஸ்டமிக் லூபஸ் எரிதிமட்டோசஸ், மருத்துவர்கள் எஸ்.எல்.இ. என்பர். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள் தொடங்கும்.

அறிகுறிகள்

விரல் மூட்டுவலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வாய்ப்புண், முடி உதிர்தல், தீராத அசதி ஆகியவை பொதுவானவை. கன்னங்களிலும் மூக்கின் மேலும் தடிப்பு பரவும். மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடிக்கு இறங்கும் மடிப்பில் மட்டும் இராது. கருத்த தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாததால் ‘மங்கு’ என்று எண்ணி இருந்துவிடுவதுண்டு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும்.

காவிரிப் படுகையில்

தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரங்களில் காய்ச்சல் என்றால் எலிக்காய்ச்சல், டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ் ஆகியவையே முதலில் நினைவுக்கு வரும். தட்டணுக் குறைவு இவற்றிலும் லூபஸிலும் காணப்படும். சிக்குன்குனியாவின் மூட்டுவலியோ மாதக்கணக்கில் நீடிக்கும். எனவே காய்ச்சலும் மூட்டுவலியும் அடங்கி அடங்கித் திரும்பினால் லூபஸையும் சோதிக்க வேண்டும். வயல்வேலை இந்நோயை உண்டாக்குவதாகக் கொள்வதற்கில்லை. ஆனால் நோயுள்ளவருக்கு வெயில் அதைக் கிளப்பிவிடும். நடவுப் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை அணிவது இங்கே நல்ல காப்பு.

நோயறிதல்

1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மால்கம் ஹார்கிரேவ்ஸும் உடன் பணியாற்றியோரும் லூபஸ் நோயாளிகளிடம் காணப்படும் எல்.இ. (லூபஸ் எரிதிமட்டோசஸ்) செல்லை விவரித்தது ஆய்வகச் சோதனைக்கு வழி திறந்தது. இன்று, செல்லின் உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. சோதனையே முதற்படி. நலமாக இருப்போர் சிலருக்கும் இது பாசிட்டிவாக வரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை. டி.என்.ஏ.வைத் தாக்கும் டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்பொருள், சி3, சி4 என்னும் இரத்தப் புரதங்களின் அளவுகள், சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றையும் பார்ப்பர். சிறுநீரகப் பாதிப்பின் வகையை அறிய பயாப்சி உதவும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுவோர் செல்லும் இடங்களுள் ஒன்று, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை.

சிகிச்சை

மலேரியாவுக்கு வந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்தான் அடிப்படை மருந்து. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி.க்கு மிகாமல் தருவர். நீண்டகாலம் உட்கொள்வோருக்கு விழித்திரைச் சோதனை அவசியம். நோய் முற்றும்போது ஸ்டீராய்டும், சிறுநீரகப் பாதிப்புக்கு மைக்கோஃபினோலேட் அல்லது சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேரும். கருவுற விரும்புவோர் நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும் காலத்தைத் தேர்ந்து, கருவுக்கு ஊறு செய்யும் மைக்கோஃபினோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஆகியவற்றை முன்பே மருத்துவர் வழி மாற்றிக்கொள்ள வேண்டும். உடம்பு தேறியதென்று ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்.