மும்பையின் புழுக்கமும் நம் வீடுகளும்

தமிழகத்தினின்றும் மும்பைக்குக் குடிவந்த நம் முன்னோர், புதிய மொழியோடு புதிய புழுக்கத்தையும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. மதுரை வெயில் கடுமையில் குறைந்ததன்று. ஆயினும் அங்கே திண்ணை நிழலில் சற்று அமர்ந்தால் வியர்வை உலர்ந்து உடல் குளிரும். கடல் சூழ்ந்த இந்நகரிலோ காற்று முன்பே ஈரத்தால் நிறைந்துள்ளமையால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. வெப்பமானி 33 பாகையே காட்டினும் உடல் தளர்கின்றது. இதற்கு எளிய மருந்து ஓடும் காற்று. ஆதலின் இந்நகர வீடுகளின் வரலாற்றைக் காற்றுக்கு வழி தேடிய வரலாறு என்றே கூறலாம்.

1854 ஆம் ஆண்டில் இங்கு முதல் பஞ்சாலை நிறுவப்பெற்றது. அதன்பின் ஆலைகள் பெருகின. தொழிலாளரும் திரளாக வந்தனர். அவர்களுக்கென எழுந்தவையே ‘சால்’கள். வரிசையாக ஒற்றை அறைகள், முன்னே ஒரு நீண்ட தாழ்வாரம், எல்லோர்க்கும் பொதுவான குழாயும் கழிப்பறையும்: இதுவே அவற்றின் அமைப்பு. வாடகையை எண்ணிக் கட்டியோர் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே ஓர் ஒடுங்கிய சந்தையே விட்டுவைத்தனர். கீழ்த்தள அறைகளில் பகலிலும் விளக்கேற்ற வேண்டிய நிலை உண்டாயிற்று.

1896 ஆம் ஆண்டு செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் கொள்ளைநோயாகிய பிளேக் தோன்றியதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்தார். சில திங்களுக்குள் நகர மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஊரைவிட்டு அகன்றனர். அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1898 ஆம் ஆண்டில் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்னும் அமைப்பு சட்டத்தின் வாயிலாக நிறுவப்பெற்றது. மேற்கிலிருந்து வீசும் கடற்காற்றை நெருக்கமான உட்பகுதிக்குள் கொணர்வதும் பிரின்சஸ் வீதி, சாண்டர்ஸ்ட் சாலை ஆகியவற்றின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

பின்னர் அதன் தலைவராயிருந்த ஜே. பி. ஓர் என்பவர், அறையின் அடியிலிருந்து 63½ பாகைச் சாய்வில் நோக்கினால் எதிர்க்கட்டடம் மறைக்காமல் வானம் தெரிதல் வேண்டும் என்னும் விதியை வற்புறுத்தினார். எளிமையாகச் சொல்வதாயின், 20 அடி திறந்தவெளி இருந்தால் எதிரே 40 அடி உயரம்வரை எழுப்பலாம்; அதற்கு மேல் கூடாது. வெளிச்சமும் காற்றும் செல்வர்க்கே உரிய வசதிகள் என்றிருந்த நிலை மாறி, அளந்து வழங்கத்தக்க உரிமைகள் என்னும் எண்ணம் இவ்விதியால் வேரூன்றியது.

இவ்வரலாற்றில் இரண்டு குறைகளையும் நாம் மறைத்தல் தகாது. பிளேக்கைப் பரப்புவது கெட்ட காற்று என்றே அன்று பலரும் நம்பினர். அது எலியின் தெள்ளுப்பூச்சியால் பரவுவதென்பதை 1898 இல் பால்-லூயி சிமோன் காட்டினார். மேலும், டிரஸ்ட் இடித்த வீடுகளுக்கு ஈடாகப் புதிய வீடுகள் உடனே எழவில்லை. வெளியேற்றப்பட்ட ஏழைகள் அடுத்த தெருவின் சால்களில் மேலும் நெருக்கமாக அடைந்தனர். காற்று வந்த தெருவில் அவர்களுக்கு இடமில்லாமற் போயிற்று.

அந்த டிரஸ்ட் வகுத்த மனைகளில் எழுந்ததே மாதுங்கா. அகன்ற சாலைகளும், பூங்காக்களும், தனிச் சமையலறையும் குளியலறையும் கொண்ட அடுக்குவீடுகளும் தென்னாட்டுக் குடும்பங்களை ஈர்த்தன. 1932 ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் தோன்றி நம் மக்கள் இங்கு நிலைபெறத் துணைசெய்தது. ஆயின், அண்மையிலேயே தாராவியும் உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் தமிழர் அங்கு குடியேறினர். தகரக் கூரையின்கீழ், இருவர் எதிரெதிரே நடக்கவும் இயலாத சந்துகளில் அவர்தம் தலைமுறைகள் வளர்ந்தன. மொழி ஒன்றே, மூச்சுவிட்ட காற்று மட்டும் வேறு. 63½ பாகை விதி அந்தச் சந்துகளுக்குள் நுழையவேயில்லை.

இன்று புழுக்கம் பெருகியிருக்கின்றது. கான்கிரீட்டும் தாரும் பகலில் உண்ட வெப்பத்தை இரவில் மெல்ல வெளிவிடுகின்றன. ஓர் அறையைக் குளிர்விக்கும் இயந்திரம் அடுத்தவர் சாளரத்துக்கு வெப்பத்தைத் தள்ளுகின்றது. கோவண்டி, மான்கூர்டு பகுதிகளில் நெருக்கமாகக் கட்டப்பெற்ற மறுவாழ்வுக் குடியிருப்புகளில், வெளிச்சமும் காற்றும் குன்றிய கீழ்த்தளங்களில் காசநோய் மிகுந்திருப்பதை 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. நூறாண்டுகட்கு முன் கற்ற பாடத்தை நகரம் மறந்தது போலும்!

நம் பழைய காலனிக் கட்டடங்கள் பலவும் இடித்துக் கட்டப்படும் காலம் இது. ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன், கூடுதலாக எத்தனை சதுர அடி என்று கேட்பது இயல்பே. அத்துடன், அடுத்த கட்டடம் எத்தனை அடி தொலைவில் எழும், கீழ்த்தளத்தார்க்கு வானம் தெரியுமா, ஒரு சாளரத்தில் நுழையும் காற்று மற்றொன்றால் வெளியேறுமா என்றும் நாம் கேட்போமாக. தாராவியில் வாழும் நம் உடன்பிறப்புகட்காகவும் இதே வினாக்களை எழுப்புதல் நம் கடமையன்றோ?