சென்னையிற் சாரணர் இயக்கம் வேரூன்றிய வரலாறு

அயனம்பாக்கத்து ஏரிக்கரை வழியே பள்ளிக்குச் செல்லும் சிறுவர் சிலர் கழுத்திற் சாரணர்துணி அணிந்து செல்வதை நம் அங்கத்தினர் கண்டிருப்பர். அவ்வுடை ஒரு காலத்தில் நம் நாட்டுச் சிறுவர்க்கு மறுக்கப்பட்டிருந்தது. அம்மறுப்பு நீங்கிய வரலாற்றிற் பெரும்பகுதி நமக்கு அணித்தாகிய சென்னையிலேயே நிகழ்ந்ததாதலின், அதனை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

சாரணர் என்னுஞ் சொல் பழையது. சிலப்பதிகாரத்தில் அது சமண முனிவரைக் குறிக்கும். சிறுவர் படைக்கு அப்பெயர் வாய்த்தது பொருத்தமே என்பது நம் கருத்து.

இவ்வியக்கத்தைத் தோற்றுவித்தவர் பேடன் பவுல் என்னும் ஆங்கிலச் சேனாதிபதி. 1907-ஆம் வருஷம் பிரௌன்ஸீ தீவில் சிறுவரைக் கூட்டிப் பாசறை நடத்தி, மறுவருஷமே தம் நூலை வெளியிட்டார். 1909-இல் காப்டன் பேக்கர் என்பார் பெங்களூரில் இந்தியாவின் முதற் படையை அமைத்தார். ஆயின் அதிற் சேர்ந்தோர் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமான சிறுவரே. அன்றைய சாரணர் விதிகளுள் நான்காவது, எவ்வகுப்பிற் பிறந்தவனாயினும் சாரணன் மற்றச் சாரணனுக்குச் சகோதரன் என்றது. அவ்விதியை ஓதியவரே இந்நாட்டுப் பிள்ளைகளை வாயிலில் நிறுத்தினர். இப்பயிற்சி பெற்ற இந்தியச் சிறுவர் நாளை புரட்சிக்காரராவர் என்று அரசாங்கத்தார் அஞ்சியதே அதற்குக் காரணம். வகுப்பின் பெயராற் கூடியுள்ள நாமும் அந்நான்காம் விதியைப் படித்துச் சற்றே கூசுதல் தகும்.

வாயில் திறக்குமென்று காத்திராமல், 1916-ஆம் வருஷம் அடையாற்றில் ஸ்ரீமதி அன்னிபெஸண்டு அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேல் துரையும் இந்தியச் சிறுவர்க்கெனத் தனியே ஒரு சாரணர் சங்கங் கண்டனர். தொப்பிக்குப் பதிலாகத் தலைப்பாகையும், ஆங்கிலப் பாட்டுக்குப் பதிலாக நம் நாட்டுப் பாட்டும் அதில் இடம்பெற்றன. பாகை அற்ப விஷயமென்று நகைப்பாருமுளர்; தன் தகப்பன் உடுத்தும் உடையோடு அணியில் நிற்பது பிள்ளைக்கு எத்துணைத் தைரியந் தருமென்பதை அவர் நினைப்பாரல்லர். அதே வருஷந்தான் அம்மையார் ஹோம் ரூல் லீக்கையும் நிறுவினார். 1917 ஜூன் மாதத்தில் அரசாங்கம் அம்மையாரையும் அருண்டேலையும் காவலில் வைத்தது, செப்டம்பரில் விடுவித்தது. தலைவரிருவரும் காவலிலிருந்த பின்னும் சங்கம் கலைந்திலது. வடக்கே பண்டித மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரூ, ஸ்ரீராம் வாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் படையை வளர்த்தனர்.

இங்ஙனம் தனிச்சங்கங்கள் பெருகவே, 1921-ஆம் வருஷம் பேடன் பவுல் தாமே இந்தியாவுக்கு வந்தார். சென்னையில் அம்மையாரின் சங்கம் தலைமை இயக்கத்தோடு இணைந்தது. அம்மையார் இந்தியாவுக்குக் கௌரவக் கமிஷனராக நியமிக்கப்பெற்றார். முன்பு மறுக்கப்பட்ட பிள்ளைகள் இப்போது வெள்ளைச் சிறுவரோடு ஒரே வாக்குறுதியின் கீழ் நின்றனர். 1932-இல் இயக்கத்தின் உயர்ந்த விருதாகிய வெள்ளி ஓநாய் அம்மையாருக்கு அளிக்கப்பெற்றது. அடுத்த வருஷம் அவர் காலமானார்.

சேவா சமிதியாரோ அன்று இணைய உடன்பட்டிலர். பேடன் பவுல் இந்தியரைப்பற்றிக் கூறிய சில சொற்கள் மனத்தைப் புண்படுத்தவே, 1938-இல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் தோன்றிற்று. சுதந்திரத்துக்குப் பின் 1950 நவம்பர் 7-ஆம் தேதி இப்பிரிவுகள் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றாயின. 1951 ஆகஸ்டு 15-இல் பெண்பிள்ளைகளின் சங்கமும் அதனோடு சேர்ந்தது.